இறங்குதுறையில் விட்ட செருப்பு

இரண்டு வருடங்களுக்கு முன், ஓர் ஆனி மாதத்துக் காலையில், காங்கேசன்துறைத் துறைமுகத்தில் நடந்தது இது. உல்லாசக் கப்பலில் ஏறப்போன நான், என் புதுச் செருப்பைக் கரையிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு கப்பலுக்குள் போய் நின்றேன். பார்த்தவர்கள் மறதி என்று சிரித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. முதலில் நானும் மறதி என்றுதான் நினைத்தேன்.

நான் தொண்டைமானாற்றுப் பக்கம். முப்பத்திரண்டு வருடம் தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பிறந்தது கடலோடிக் குடும்பத்தில். அப்பாவிடம் பாய் கட்டி ஓடும் பெரிய வத்தை ஒன்று இருந்தது. சரக்கு ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போய்வரும் மரக்கலம் அது. அதற்குச் சந்தனம் அரைத்துக் கொடுத்தது அம்மா, மாலை கட்டிக் கொடுத்தது நான். ஆனால் வீட்டுப் பெண்கள் ஒருத்தரும் அதில் கால் வைத்ததில்லை. பெண் ஏறினால் கலத்துக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஏழு வயதில் ஒருநாள் நான் களவாக ஏறி முன்பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா தூக்கி இறக்கி முதுகில் ஒன்று வைத்தார். அன்று பின்னேரமே வத்தைக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்துத் தேங்காய் உடைத்தார்கள். அடி வலித்ததை மறந்துவிட்டேன், அந்தத் தேங்காய் உடைந்த சத்தத்தை இன்னும் மறக்கவில்லை.

கப்பல் பயணத்துக்கு நாலு வருடம் முன்பு, என் கணவர் நோயில் போய்ச் சேர்ந்து எட்டாவது மாதம் அது. எனக்கு ஒரேயொரு கூடப்பிறப்பு, அண்ணை. வேலிக்கு அந்தப் பக்கம் வீடு. அறுபத்து நாலு வயதிலும் பைபர் படகில் கடலுக்குப் போகிறவர். விடியற்காலை ஐந்து மணிக்கு மோட்டார் சைக்கிளில் என் வாசல் படலையைத் தாண்டித்தான் போவார். அன்று நான் வாசல் கூட்டிக்கொண்டு நின்றேன். என்னைக் கண்டவர் மோட்டார் சைக்கிளைத் திருப்பினார். வீட்டுக்குப் போய், ஒரு மிடறு தண்ணீர் குடித்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடி புறப்பட்டார். புறப்படும்போது எதிர்ப்படும் முதல் முகத்தை எங்கள் ஊரில் முழிவியளம் என்பார்கள். தாலி அறுத்தவள் முகம் கெட்ட முழிவியளமாம்.

அண்ணை வாயால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கும் சண்டை போடத் தெரியவில்லை. அடுத்த நாள் முதல் அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் தாண்டிப் போகும்வரைக்கும் நான் குசினிக்குள் நிற்கப் பழகினேன். கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டு, சுவரோடு சுவராக நிற்பேன். நாலு வருடம். தபால் கந்தோரில் வரிசையில் நின்ற சனத்தை எல்லாம் அதட்டி ஒழுங்குபடுத்திய நான், ஒரு மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கு ஒளிந்து நின்றேன். அதை நினைத்தால் அண்ணையைவிட என்மேல்தான் எனக்குக் கோபம் வருகிறது.

இந்த நிலையில்தான் என்னோடு வேலை பார்த்த தோழி ஒரு துண்டுப் பிரசுரத்தோடு வந்தாள். வலிகாமத்துத் தோட்டக்காரக் குடும்பம், கலியாணம் கட்டாதவள், வாய் நீளம். காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை வரை போய்த் திரும்பும் உல்லாசக் கப்பலாம். மூன்று இரவு, சாப்பாடு எல்லாம் அதற்குள்ளேயே.

"உமக்குக் கடல் சொந்தம், எனக்குப் பயம். ரெண்டு பேரும் போனால் சரியா இருக்கும்," என்றாள்.

நான் யோசிக்கக்கூட இல்லை. ஓம் என்றேன்.

விஷயம் அண்ணையின் காதுக்குப் போனது. அன்று பின்னேரமே வேலிக்கு அந்தப் பக்கத்தில் வந்து நின்றார்.

"கப்பலிலை உல்லாசம் போறியாம். உண்மையோ?"

"ஓம் அண்ணை."

"எங்கடை குடும்பத்திலை ஒரு பொம்பிளை கலத்திலை கால் வைச்சவளோ? அதுகும் நீ, இப்ப இருக்கிற நிலையிலை. ஊர்ச் சனம் என்ன கதைக்கும்?"

"கிளாலியிலை என்னைத் தூக்கிப் படகிலை ஏத்தினது ஆர் அண்ணை?" என்றேன்.

இடம்பெயர்ந்து ஓடிய காலத்தில், கிளாலிக் கடலேரியைத் தாண்டுவதற்கு, இதே அண்ணைதான் என்னை இடுப்பில் பிடித்துத் தூக்கிப் படகில் போட்டார். எனக்குப் பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள். தாலியோடும் இருந்தார்கள், தாலி இல்லாமலும் இருந்தார்கள். ஒருத்தரும் மஞ்சள் தண்ணீர் தெளிக்கவில்லை. உயிருக்குப் பயந்து ஓடும்போது பெண் படகில் ஏறலாம், சந்தோஷத்துக்கு ஏறினால்தான் ஆகாது. இது எந்த ஊர் நியாயம்?

இதைச் சொல்லியும் விட்டேன். அண்ணையின் முகம் கறுத்தது.

"நீ போறதெண்டால் போ. பிறகு என்ரை வாசல் மிதியாதை," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

என் வீடு எனக்குச் சீதனமாக வந்த வீடு. அதிலிருந்து என்னை எழுப்ப அவராலும் முடியாது, ஊராலும் முடியாது. ஆனால் அப்பாவும் அம்மாவும் போனபின் அந்த ஒரு வாசல்தான் எனக்குப் பிறந்த வீடு என்று மிச்சம். அன்றிரவு அழுதேன், மறைக்கவில்லை. காலையில் எழுந்து முகம் கழுவி, பெட்டியை அடுக்கத் தொடங்கினேன்.

புறப்படும் நாள் ஒன்பது மணிக்கு ஓட்டோ வந்து நின்றது. படலைக்குப் போகமுன் அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று என் முகத்தை நன்றாகப் பார்த்தேன். எனக்கு முழிவியளம் நானே என்று வாய்விட்டுச் சொன்னேன். சொன்னபின் கொஞ்சம் சிரிப்பும் வந்தது. அண்ணையின் வாசலில் ஒருத்தரும் இல்லை.

துறைமுகத்தில் சோதனைக்கு மேல் சோதனை. என் பயணப்பையைத் திறந்த பாதுகாப்புப் பெண், உள்ளே இருந்த பருத்தித்துறை வடைப் பொட்டலத்தையும் ஓலைக் குட்டானில் இருந்த பனங்கட்டியையும் பார்த்து, இவ்வளவும் எதற்கு என்று கேட்டார். கப்பலில் பசித்தால் என்றேன். அவர் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டார். கப்பலில் நாள் முழுக்கச் சாப்பாடு போடுவார்கள் என்பது தெரிந்தும், கடலுக்குப் போகிற ஆள் வெறுங்கையோடு போகக்கூடாது என்று எனக்கு உடம்பில் ஊறிப்போயிருந்தது.

கப்பல் துறைக்குள் வரவில்லை. வெளியே நங்கூரம் போட்டு நின்றது. பழைய சீமெந்து ஆலைப் பக்கமிருந்து பார்த்தால், கடலில் யாரோ ஒரு வெள்ளைத் தெருவையே கொண்டுவந்து நிறுத்தியது மாதிரி. இறங்குதுறையிலிருந்து சின்னப் படகுகளில் எங்களை ஏற்றிப் போனார்கள். படகின் வாயில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு மாலுமி நின்று ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார். தோழி, இந்தப் பயணத்துக்கென்றே வாங்கிய புதுச் சப்பாத்தோடு, முருகா முருகா என்றபடி ஏறினாள். அடுத்தது நான்.

படகு ஒரு அலைக்கு மேலே எழுந்து கீழே இறங்கியது. அது மறுபடி எழும் நேரத்துக்குக் காத்திருந்து, மாலுமியின் கையைப் பிடிக்காமலே ஏறினேன். இதை எனக்கு ஒருத்தரும் சொல்லித்தரவில்லை. சின்ன வயதில் கரையில் நின்று ஆயிரம் தடவை பார்த்தது கால்களுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. உட்கார்ந்தேன். படகு விலகியது.

"ஐயோ, உம்மடை செருப்பெங்கை?" என்றாள் தோழி.

குனிந்து பார்த்தேன். வெறுங்கால். நிமிர்ந்து பார்த்தேன். இறங்குதுறையின் சீமெந்து விளிம்பில் என் செருப்பு இரண்டும், கோயில் வாசலில் விட்டதுபோல, ஒழுங்காகப் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. படகில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். திரும்பிப் போகமுடியாது என்று மாலுமி தலையாட்டினார். யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். தோழி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அடுத்த நிமிடமே அதே கையால் வாயைப் பொத்தி வாந்தி எடுத்தாள். அவளுக்கு முதுகு தடவிக்கொண்டு, என் காலைச் சேலைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டேன்.

கப்பலின் வயிற்றில், தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, ஒரு கதவு திறந்திருந்தது. அதற்குள் போனால் குளிர். முதல் அடியில் எனக்குத் தட்டுப்பட்டது இதுதான்: கடல் மணம் இல்லை. வாசனைத் திரவியமும் புதுக் கம்பளமும் மணத்தன. சரவிளக்கு, கண்ணாடி லிப்ட், ஒரு மூலையில் பியானோ. கண்ணாடிக் கிண்ணத்தில் சிவப்பாக ஏதோ பானம் தந்து வரவேற்றார்கள். கொஞ்சமும் ஆட்டமில்லை. அறுபது வருடம் ஆசைப்பட்டு, கடைசியில் பெரிய இடத்துக் கலியாண மண்டபம் ஒன்றுக்குள் வந்து நின்றது போலிருந்தது. இதற்கா அண்ணையைப் பகைத்தேன் என்று ஒரு கணம் மனம் சோர்ந்துவிட்டது.

வரவேற்பு மேசையில் வரிசை. எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மா, வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்தவர் போல, கைநிறைய வளையல், என் காலைப் பார்த்துவிட்டுத் தன் மகளிடம் சொன்னார். மெல்லச் சொன்னதாக அவருக்கு நினைப்பு.

"பாவம், கப்பல் கண்டறியாத சனம். செருப்புக்கூட இல்லாமல் வந்திருக்குதுகள்."

கப்பல் கண்டறியாத சனமாம். அந்த நிமிடத்தில்தான் எனக்கு விளங்கியது. அப்பா செருப்பை மணலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் வத்தைக்கு இறங்குவார். அவருடைய அப்பாவும் அப்படித்தான். அண்ணை இன்றைக்கும் அப்படித்தான். கலத்தில் செருப்போடு ஏறுவது எங்கள் வீட்டில் கோயிலுக்குள் செருப்போடு போவதற்குச் சமம். கரையில் வரிசையாக இருக்கும் அந்தச் செருப்புகளை ஊரில் ஒருத்தரும் தொடமாட்டார்கள், போனவர்கள் வந்துதான் போடவேண்டும். நான் மறக்கவில்லை. மறக்காததால்தான் கழற்றியிருக்கிறேன்.

சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தேன், கால் நன்றாகத் தெரியட்டும் என்று.

"எங்கடை ஆக்கள் கலத்திலை செருப்போடை ஏறுறேல்லை அம்மா," என்றேன். "நீங்கள்தான் கழட்ட மறந்திட்டியள்."

தோழி என் முழங்கையைக் கிள்ளினாள். மேசையில் இருந்த பெண், சாப்பாட்டு மண்டபத்துக்கு வெறுங்காலோடு விடமாட்டார்கள் என்று பணிவாகச் சொல்லி, அறையில் போடும் வெள்ளைத் துணிச் செருப்பு ஒரு சோடி தந்தாள். அது அவளுடைய வேலை, அவளோடு எனக்குக் கோபமில்லை. வாங்கிப் பைக்குள் வைத்தேன். சாப்பிடும்போது போட்டேன். மற்ற நேரமெல்லாம் மூன்று நாளும் வெறுங்கால்தான்.

பின்னேரம் நாலு மணிபோல் கப்பல் புறப்பட்டது. தோழி அறையில் இஞ்சித் துண்டைச் சப்பிக்கொண்டு படுத்திருந்தாள். கட்டிலில் யாரோ துவாயை அன்னம்போல மடித்து வைத்திருந்தார்கள், அதைக் கலைக்க மனமில்லாமல் விளிம்பில் ஒடுங்கிப் படுத்திருந்தாள். நான் மட்டும் மேல்தளத்துக்குப் போனேன். அங்கே பலகை பரவிய தரை. வெயில் பட்ட சூடு இன்னும் இருந்தது. அதில் கால் வைத்தபோது உள்ளங்காலில் மெல்லிய நடுக்கம் ஒன்று ஏறியது.

"எஞ்சின் தெரியுதாம்மா கால்ல?"

திரும்பினேன். படகில் கை கொடுத்த அதே மாலுமி. தூத்துக்குடிக்காரராம்.

"எங்க தாத்தாவும் செருப்பைக் கரையில விட்டுட்டுத்தான் தோணி ஏறுவாரு," என்றார். "படகுல எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு நீங்க கடல்காரவங்கன்னு."

அவருக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதே ஞாபகமில்லை. ஆனால் என் வாழ்க்கையில் என்னைக் கடல்காரி என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். கடலோடியின் மகள் என்று சொல்லியிருக்கிறார்கள், தங்கை என்று சொல்லியிருக்கிறார்கள். முன்பக்கத்தில் கம்பியோரமாக ஓர் இடத்தைக் காட்டி, இங்கே நின்றால் கரை நன்றாகத் தெரியும் என்று சொல்லிவிட்டு அவர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

கரை ஒரு பச்சைக் கோடாக வலது பக்கத்தில் ஓடியது. சோளகம், அந்த மாதத்துத் தென்மேற்குக் காற்று, கரையிலிருந்து வீசியது. அண்ணை சின்ன வயதில் ஒரு விஷயம் சொல்லிப் பெருமை அடிப்பார். கடலுக்குள் நிற்கும்போது, எங்கள் ஊர்த் தண்ணீர்த் தாங்கியும் கோயில் கோபுரமும் ஒரே நேருக்கு வந்தால் அதுதான் வீட்டு வழி, அதைப் பிடித்துக்கொண்டு வந்தால் எங்கள் துறையில் ஏறலாம் என்று. நானும் காட்டுங்கோ என்று கேட்டால், உனக்கெதற்கு என்பார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். தாங்கி தெரிந்தது. கோபுரம் அதற்கு இடப்பக்கம் தள்ளி நின்றது. கப்பல் நகர நகர இரண்டும் கிட்டக் கிட்ட வந்து, ஒன்றுக்குப் பின் ஒன்று மறைந்து நின்றன.

அதற்கு நேர் கீழேதான் என் வீடு. நான் சுவரோடு ஒளிந்து நிற்கும் குசினி.

எனக்கு ஆனந்தம் வரும் என்று நினைத்திருந்தேன். வந்தது ஆத்திரம். இவ்வளவு அழகான ஒன்றை, எங்கள் வீட்டு ஆண்கள் தினம் தினம் பார்த்த ஒன்றை, அறுபது வருடம் என் கண்ணுக்குக் காட்டாமல் வைத்திருந்தார்கள். அம்மா பார்க்காமலே செத்துப்போனா. கலம் ஒன்றும் கவிழவில்லை. எஞ்சின் நிற்கவில்லை. இரண்டாயிரம் பேருக்கு மேல் இருந்த கப்பலில் என் முகத்தால் ஒருத்தருக்கும் ஒரு குறையும் வரவில்லை. காற்றுக்கு எதிரே நின்று, முகத்தை நன்றாகக் காட்டிக்கொண்டு நின்றேன்.

மூன்று நாள் கழித்து அதே துறையில் இறங்கியபோது செருப்பைக் காணவில்லை. துறைமுகம் கூட்டுகிறவர்கள் எடுத்து எறிந்திருப்பார்கள், அவர்களுக்கு எங்கள் பழக்கம் எப்படித் தெரியும்? கப்பல் தந்த வெள்ளைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு வேலிக்கு அப்பால் மோட்டார் சைக்கிள் உதைபடும் சத்தம் கேட்டது. கேத்தலை அடுப்பில் வைத்தேன். கால் பழக்கத்தில் சுவர்ப் பக்கம் போனது. நிறுத்தினேன். வெளியே வந்து, படலையை அகலத் திறந்து, வீட்டுக்கு முன்னால் ஓடும் ஒழுங்கையின் ஓரத்தில் நின்றேன். அவர் மறுபடி மோட்டார் சைக்கிளைத் திருப்பினால், இனி ஆயுளுக்கும் அண்ணை தங்கை என்ற பேச்சு முடிந்தது. அது எனக்குத் தெரியும். ஆனாலும் உள்ளே போவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன்.

லைட் வெளிச்சம் என் முகத்தில் விழுந்தது. அண்ணை நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். பிறகு கீழே பார்த்தார்.

"உதென்ன காலிலை?"

"கப்பலிலை தந்தது."

"உன்ரை செருப்பெங்கை?"

"ஏறேக்கை கரையிலை கழட்டி வைச்சனான். வந்து பாக்க இல்லை."

அவர் மோட்டார் சைக்கிளின் கைப்பிடியை இறுக்குவதும் விடுவதுமாக இருந்தார். நானே தொடர்ந்தேன்.

"தாங்கியும் கோபுரமும் ஒரு நேருக்கு வந்ததைக் கண்டனான் அண்ணை. எங்கடை வீட்டு வழி."

"காத்து எந்தப் பக்கத்தாலை?"

"சோளகம்."

"ஓம். சோளகத்துக்குத் தெளிவாத் தெரியும்," என்றார்.

நாற்பது வருடமாக அவர் தன் கூட்டாளிகளோடு கதைக்கும் குரல் அது. என்னோடு அந்தக் குரலில் கதைத்தது அன்றுதான். பிறகு என் முகத்தை இன்னொரு தடவை நேராகப் பார்த்துவிட்டு, கியரைப் போட்டு, கடல் பக்கமே போனார். திரும்பவில்லை. நான் படலையைப் பிடித்துக்கொண்டு, சிவப்பு லைட் முடக்கில் மறையும்வரை நின்றேன். உள்ளே கேத்தல் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டிருந்தது.

வாசல் மிதியாதை என்று சொன்னதை அண்ணை ஒருநாளும் திருப்பி எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்கும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. தீபாவளிக்கு நானே போனேன், முன்வாசலால். அண்ணி தேத்தண்ணி தந்தார். அண்ணை பேப்பரை மடித்துவிட்டுக் கதிரையைக் காட்டினார். அவ்வளவுதான்.

நான் படலையில் நின்ற அந்த முதல் காலையில் கடலுக்குப் போனவருக்கு மீன் பட்டதா இல்லையா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். பட்டிருந்தால் அது வலையின் திறமை, படாவிட்டால் அது கடலின் விருப்பம், இரண்டுக்கும் என் முகம் பொறுப்பில்லை என்று தெரிந்துகொண்டு, மழையானாலும் பனியானாலும் ஐந்து மணிக்குப் படலையில் நிற்கிறேன்.